எதிரி இல்லை என்றவன் இன்னும் நம்மட ஆள்தானா? தோர்ஃபின் பற்றிய இழை

கல்லடிப்பாலம்:
முதலே சொல்லிவிடுகிறேன், இந்த இழையில் வின்லாண்ட் சாகா என்ற வைக்கிங் காலத்து மங்காவின் (ஜப்பானியச் சித்திரக்கதை) முடிவு வரைக்கும் கதைப்போம். முடிக்காத ஆக்கள் முடித்துவிட்டு வாங்க.

2005 இல் வாராந்த இதழில் தொடங்கிய கதை. கிழமைக்கு ஓர் அத்தியாயம் என்ற ஓட்டம் அதை வரைந்த யுகிமுரா மகோதோவுக்குக் கட்டுப்படியாகாமல், அதே வருடக் கடைசியில் மாத இதழான ஆஃப்டர்நூனுக்கு மாறியது. முடிந்தது 2025 இல். இருபது வருடமாக ஒரே நாயகன், தோர்ஃபின். ஆறு வயதில் தகப்பனைக் கண்முன்னே பறிகொடுக்கிறான். கொன்ற அஸ்கெலாட்டின் கூட்டத்திலேயே சேர்ந்து, என்றைக்காவது ஒற்றைக்கு ஒற்றை சண்டையில் அவனை வெட்டிச் சாய்க்கலாம் என்று பத்து வருடத்துக்கு மேல் அலைகிறான். கடைசியில் அஸ்கெலாட்டை வேறொருவன் கொன்றுவிடுகிறான். இவன் டென்மார்க்கில் ஒரு பண்ணைக்கு அடிமையாக விற்கப்படுகிறான். அங்கிருந்துதான் மாற்றம் தொடங்குகிறது.

அனிமேயாக (அசைபடத் தொடராக) 2019 இல் வந்த முதல் சீசன் 24 எபிசோட்டையும் ஒரே மூச்சில் பார்த்த ஆக்கள் பலபேர் 2023 இல் வந்த இரண்டாம் சீசனை மூன்றோ நாலோ எபிசோட்டோடு விட்டுவிடுகிறார்கள். "அவன் மாறிட்டான், இனி மனசில ஒட்டுதில்ல" என்கிறார்கள். அது சரியா என்பதுதான் கேள்வி.

ஒட்டாமல் போகவில்லை என்பது என்ட பக்கம். மங்காவில் நாயகன் திருந்துவது புதுசில்லை. ஆனால் திருந்தினதுக்கு இவ்வளவு கூலி வாங்கின கதை குறைவு. ஒவ்வொரு படிக்கும் அவன் உடம்பாலயோ, காலத்தாலயோ, இன்னொருத்தர்ட வெறுப்பாலயோ விலை குடுக்கிறான். விலை குடுத்தவனை நம்பலாம்.

ரெட்டைக்கத்தி:
மறுக்கிறேன் மச்சான், காரணத்தோட மறுக்கிறேன்.

பண்ணைப் பகுதி முடியிற இடத்தை எடுங்க. பண்ணையைப் பறிக்க வந்த கனூட் ராசாவைச் சந்திக்க வேணுமெண்டு தோர்ஃபின் போகிறான். காவலில் நிற்கிற பெரிய உருவம் ஒருத்தன், நூறு அடி தாங்கினால் விடுகிறேன் என்கிறான். நூறையும் வாங்குகிறான். ஏன் திருப்பி அடிக்கவில்லை எண்டு கேட்டதற்கு, எனக்கு எதிரிகள் இல்லை என்று பதில். எல்லாரும் நெஞ்சில் கைவைக்கிற காட்சி அது.

ஆனால் அந்த நூறு அடியைத் தாங்கின உடம்பு யாருடையது? ஜோமின் பூதம் எண்டு பேர் எடுத்த தோர்ஸின் மகன். பத்து வருடம் போர்க்களத்தில் வளர்ந்தவன். அந்த இடத்தில் அவனோட அடிமையாக இருந்த ஐனாரை நிறுத்தினால் பதினைந்தாவது அடியில் கதை முடிந்திருக்கும். பலம் இருக்கிறவன் அடிக்காமல் இருப்பது பெருந்தன்மை. பலம் இல்லாதவன் அடிக்காமல் இருந்தால் உலகம் அதைத் தோல்வி எண்டுதான் எழுதும். சாதாரண ஆள் எடுத்துக்கொள்ள இதில் என்ன இருக்கு? வளர்ச்சி நல்லாத்தான் வரையப்பட்டிருக்கு, நான் இல்லையெண்டு சொல்லவில்லை. அது நமக்கு எட்டாத கொப்பில் காய்த்த காய்.

வட்டவிதானை:
தம்பி ரெட்டைக்கத்தி, நூறு அடி உங்களுக்கு எட்டாத கொப்பு, சரி. அதுக்கு முன்னால் வருகிற மரக்கட்டையைப் பார்த்தீங்களா? நம்ம பக்கம் வேளாண்மை தெரிஞ்ச ஆக்களுக்கு அதுதான் கிட்ட நிற்கும்.

பண்ணைக்காரன் கெட்டில் என்ற போடியார் (பெரிய காணிக்காரர்) ஐனாரையும் தோர்ஃபினையும் காட்டில் கொண்டுபோய் விட்டு ஒரு ஒப்பந்தம் பேசுகிறார். காட்டை வெட்டுங்கள், கோதுமை போடுங்கள், விளைச்சலை நான் வாங்குவேன், அந்தக் காசால் உங்களையே நீங்கள் மீட்கலாம் என்று. கேட்க நல்லா இருக்கும். செய்ய வெளிக்கிட்டால்தான் தெரியும்.

மரத்தை விழுத்துவது வேலையில் கால்வாசி. மிச்சம் முழுக்க அடிக்கட்டை. நிலத்தோடு சேர்த்து வெட்டினால் பார்க்கத் துப்புரவாக இருக்கும், ஆனால் பிறகு இழுக்கப் பிடி கிடைக்காது. இடுப்பளவு தண்டை விட்டுத்தான் வெட்ட வேணும், அந்தத் தண்டுதான் நெம்புகோல். சுற்றிவரக் கிடங்கு தோண்டி, பக்கவேர் ஒவ்வொன்றையும் மண் தட்டிவிட்டுக் கோடாலியால் அறுக்க வேணும். மண்ணோடு சேர்த்துக் கொத்தினால் கல்லில் பட்டு வாய் மழுங்கும். பக்கவேர் எல்லாம் போன பிறகு தண்டின் தலையில் கயிறு போட்டு மிருகத்தை வைத்து இழுப்பது. ஒரு வேர் மிஞ்சி நின்றாலும் கயிறுதான் அறும், கட்டை அசையாது. அவசரப்பட்டு வேரை விட்டுவிட்டு உழுதால் கலப்பை மாட்டி உடையும். மண்ணுக்குள் கிடக்கிற சின்ன வேர்கள் உக்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் புதுக்காட்டு நிலத்தில் முதல் பயிர் மஞ்சளாக நிற்கும்.

குதிரை இல்லாமல் அவர்கள் படுகிற பாட்டை யுகிமுரா ஒளிக்கவில்லை. பண்ணைக் கூலியாட்கள் குதிரை தர மாட்டோம் என்கிறார்கள். கெட்டிலின் தகப்பன், கிழவன் ஸ்வெர்க்கெல், தன்ட காணியில் வேலை செய்து குடுத்தால் குதிரையும் கலப்பையும் தருவேன் என்கிறான். கடனுக்கு உழைப்பு. அந்தக் கிழவனுக்குப் பல்லைக்காட்டவும் தெரியாது, பாராட்டவும் தெரியாது, ஆனால் கணக்கு நேர். மட்டக்களப்புப் படுவான்கரையில் ஒவ்வொரு வட்டையிலும் (வயல்வெளியிலும்) இப்படி ஒரு கிழவன் இருப்பார்.

தோர்ஃபினின் வளர்ச்சி அந்தக் கட்டைக்குள்தான் இருக்கு. பத்து வருடம் கையில் கத்தி இருந்தது, ஒன்றும் முளைக்கவில்லை. கத்தி போன கையால் விதைத்த முதல் கோதுமை முளைத்துப் பச்சையாக நிற்கும்போது அவன்ட முகத்தைப் பாருங்க. அது எட்டாத கொப்பு இல்லை.

மாரிப்போகம்:
விதானை அண்ணே, கட்டை விஷயத்தில் நீங்க சொன்னது அச்சொட்டு. ஆனால் கெட்டிலைப் போடியார் எண்டு சொல்வது பாதிதான் பொருந்தும். முல்லைக்காரனுக்கு, அதாவது போடியாரின் வயலில் வேலை செய்கிறவனுக்கு, போகம் முடிய நெல்லாகக் கூலி உண்டு, பிடிக்காவிட்டால் அடுத்த போகம் வேறு போடியாரிடம் போகலாம். தோர்ஃபினும் ஐனாரும் விலைக்கு வாங்கப்பட்ட ஆக்கள். கெட்டில் நல்லவராகத் தெரிவதே அந்த வித்தியாசத்தை நாம் மறக்கத்தான். இரும்புக்கை கெட்டில் என்ற பேரும் அவர் சண்டையில் சம்பாதித்தது இல்லை. அந்தப் பொய்ப் பேர் உடைகிற நாளில் அவர் யாரில் கை வைக்கிறார் எண்டு பாருங்க. ராசாவில் இல்லை. அடிமைப் பெண் ஆர்ன்ஹெய்டில்.

வட்டவிதானை:
சரிதான் தம்பி, திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். நல்ல போடியார் என்ற நினைப்பில் நானும் கொஞ்சம் வழுக்கிவிட்டேன்.

அக்கரை நானா:
ரெட்டைக்கத்தி தம்பிட கேள்விக்கு வாறன். வளர்ச்சி ஒட்டுதா இல்லையா எண்டு அளக்க ஒரு வழி இருக்கு. தோர்ஃபினுக்கு முன்னால் ஆயுதம் நீட்டப்படுகிற காட்சிகளை மட்டும் வரிசையாக எடுத்து வையுங்க. வசனத்தைப் பார்க்காதீங்க, அவன் என்ன செய்றான் எண்டு மட்டும் பாருங்க.

பண்ணைக்கு வந்த புதுசு. கெட்டிலின் இளைய மகன் ஒல்மாருக்கு ஆள் வெட்டப் பழக்க வேணுமெண்டு பண்ணைக் காவல்காரர் இரண்டு பேர் தோர்ஃபினைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். வாள் நீளுது. அவன் எதிர்க்கவில்லை. முதல் வாசிப்பில் இதைப் பொறுமை எண்டு நினைக்கத் தோணும். பொறுமை இல்லை. உயிரோடு இருந்து ஒரு நன்மையும் கண்டதில்லை என்கிறவன் அவன். செத்தாலும் ஒண்டுதான், இருந்தாலும் ஒண்டுதான். அந்தக் கண்ணில் வெளிச்சப் புள்ளியே இராது.

அடுத்தது, முளைத்த கோதுமையைக் கூலியாட்கள் பிடுங்கி நாசமாக்கின இடம். இங்கே தோர்ஃபினின் கை முந்துது. அடிக்கிறான். மறுகா அவனே மயங்கி விழுந்து அந்தக் கனவுக்குள் போகிறான். செத்த வீரர்கள் முடிவில்லாமல் ஒருத்தரை ஒருத்தர் வெட்டிக்கொண்டிருக்கிற பள்ளம், அவன் கொன்ற ஆக்களெல்லாம் காலைப் பிடித்து இழுக்கிறார்கள், அஸ்கெலாட் அவங்களையும் சுமந்துகொண்டு ஏறு எண்டு விரட்டுகிறான். எழும்பின பிறகுதான் இனி அடிக்க மாட்டேன் என்ற முடிவு. அந்த முடிவு கோபம் வராதவன்ட முடிவில்லை. இப்பத்தான் அடிச்சவன்ட முடிவு.

மூன்றாவது நூறு அடி. அதைப் பற்றித் தம்பி சொல்லிட்டார். ஆனால் அதோட சேர்ந்து வருகிற ஒரு விஷயத்தை விட்டுட்டார். கனூட் பேச்சுக்கு இணங்காவிட்டால் என்ன செய்வாய் எண்டு கேட்டால், ஓடிப்போவேன் என்கிறான். சுற்றி நிற்கிற வீரர்கள் சிரிக்கிறார்கள். அவன் உண்மையாகத்தான் சொல்கிறான். பலசாலிட பெருந்தன்மை மட்டும்தான் இது எண்டால் அந்தப் பதில் வராது. ஓடித் தப்புவது பலம் இல்லாத எங்களுக்கும் தெரிந்த வழி.

நாலாவது ஹில்ட். தோர்ஃபின் இருந்த கூட்டம் அவளுடைய ஊரை அழித்தது, தகப்பனைக் கொன்றது தோர்ஃபின். வருடங்கள் போய் அவள் குறுக்குவில்லோடு முன்னால் நிற்கிறாள். முதல் காட்சியில் சாகத் தயாராக நின்றவன் இங்கே என்ன செய்ய வேணும்? குற்றவாளி நான், சுடு எண்டு கழுத்தை நீட்டினால் பார்க்க அழகாக இருக்கும். தோர்ஃபின் அதைச் செய்யவில்லை. உயிரைக் கேட்டு மன்றாடுகிறான். செய்ய வேண்டிய வேலை இருக்கு, போரும் அடிமையும் இல்லாத இடம் ஒன்றை உண்டாக்க வேணும், அதுவரைக்கும் விடு என்கிறான். குற்றம் செய்தவன் வாழ ஆசைப்படுகிறான், அந்த ஆசைக்கு வெட்கப்பட்டுக்கொண்டே கேட்கிறான். இந்த நாலையும் பக்கம் பக்கமாக வைத்தால், வளர்ச்சி எண்டது நல்லவனாவது மட்டும் இல்லை, வாழ விரும்புவதும்தான் எண்டு தெரியும். இது எந்த மனிசனுக்கு எட்டாது?

பாசிக்குடா அலை:
நானா சொன்ன நாலாவது காட்சியில் இன்னொன்றும் இருக்கு. ஹில்ட் மன்னிக்கவில்லை. விட்டுவைக்கிறாள், அவ்வளவுதான். உன்னைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், தவறினால் சுடுவேன் என்று கூடவே கப்பலில் ஏறுகிறாள். தோர்ஃபின் சிரிக்கிற, சாப்பிடுகிற, கலியாணம் கட்டுகிற பேனல்களில் (சித்திரக் கட்டங்களில்) எல்லாம் அவள் எங்கோ ஓரத்தில் வில்லோடு இருக்கிறாள். நருட்டோ மங்காவில் எதிரியோடு மனம்விட்டுக் கதைத்து முடிந்ததும் பெரும்பாலும் கணக்கும் முடிந்துவிடும். அந்தக் கதைக்கு அது பொருந்துது, குறை சொல்லவில்லை. இங்கே மன்றாடி முடிந்ததும் கணக்கு முடிவதில்லை. இழப்புக்கு உள்ளான ஆக்கள் எப்போது மன்னிக்க வேணும் என்று நாயகன் நாள் குறிக்க முடியாது என்பதை யுகிமுரா விட்டுக்கொடுக்கவே இல்லை. இலங்கையின் கிழக்கில் இருக்கிற வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் எனக்கு ஒரு குறை இருக்கு, அதைச் சொல்லாமல் விட ஏலாது. ஆர்ன்ஹெய்ட். கணவனைப் போர் கொண்டுபோனது, பிள்ளையை இழந்தாள், அடிமையானாள். தப்பி வந்த கணவன் கார்டார் அவளோடு போகும் வழியிலேயே சாகிறான். கடைசியில் கெட்டிலின் அடியில் அவளும் சாகிறாள். அவளுக்கு எழுதப்பட்ட வலி உண்மையானது, சாகிற நேரத்தில் இனி எதற்காக வாழ வேணும் என்று அவள் கேட்கிற கேள்விக்குக் கதையில் யாரிடமும் நேர்ப் பதில் இல்லை. தோர்ஃபின் கடலுக்கு அப்பால் இருக்கிற வின்லாண்ட் என்ற நிலத்தைப் பற்றிச் சொல்கிறான். அவள் போய்விடுகிறாள். அந்த மரணம் இரண்டு ஆண்களின் உறுதிக்கு உரமாகிறது. ஆர்ன்ஹெய்டுக்கு அதில் என்ன கிடைத்தது? நாயகனின் வளர்ச்சி ஒட்டுதா என்று கேட்கும்போது, அந்த வளர்ச்சிக்கு அடியில் யார் கிடக்கிறார்கள் என்றும் கேட்க வேணும்.

கல்லடிப்பாலம்:
தங்கச்சி, அந்தக் குறை நியாயம். ஐனாருக்கும் அதே கேள்விதான் வருது. அவள் செத்த பிறகு பழிவாங்கத் துடிக்கிறது அவன்தான். தோர்ஃபின் அமைதியாக நிற்கும்போது ஐனாரின் கோபத்தில்தான் நாங்கள் நிற்கிறோம். இரண்டாம் சீசனின் முதல் எபிசோட் முழுக்க ஐனார்ட கதை, தோர்ஃபின் கடைசியில்தான் தலைகாட்டுகிறான். அது சும்மா வைத்த ஒழுங்கில்லை. சாதாரண ஆள் முதலில் உள்ளே வரட்டும், மற்றவனை அவன் கண்ணால் பாருங்கள் என்று வாசலில் நிறுத்துகிற வேலை.

சித்திரப்பேனா:
வரைகிற பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்லலாமா?

அடிமைப் பகுதி 55 ஆம் அத்தியாயத்தில் தொடங்கி 100 இல் முடியுது. 46 அத்தியாயம். மாத இதழில் அது நாலு வருடத்துக்குக் கிட்ட. அனிமேயில் அதே பகுதி 24 எபிசோட், ஒன்பது பத்து மணித்தியாலம், இரண்டு இரவில் முடிக்கலாம். இதழில் வாசித்தவன் தோர்ஃபினோடு சேர்ந்து அடிமைக் காலத்தைக் கழித்தான். தொடர்ந்து பார்க்கிறவனுக்கு மாற்றம் சட்டென்று நடந்த மாதிரித் தெரியும். மனசில் ஒட்டவில்லை என்கிற முறைப்பாட்டில் பாதி இங்கிருந்து வருகிறது என்பது என் கணிப்பு.

கண்ணை மட்டும் பின்தொடர்ந்து பாருங்க. முதல் பகுதியில் தோர்ஃபினின் கருமணி சின்னது, புருவம் மூக்கை நோக்கி இறங்கி நிற்கும், பல் தெரியும். பண்ணைக்கு வந்ததும் கண்ணுக்குள் வெள்ளைப் புள்ளி இல்லை, மேல் இமை பாதி மூடி இருக்கும், வாய் ஒரு நேர்க்கோடு. பெரும்பாலும் குனிந்து, பக்கவாட்டில். பின்னால் போகப் போக முகம் நேராகத் திரும்புது, பார்வை பேசுகிற ஆளின் கண்ணுக்குப் போகுது. இது ஒரே பக்கத்தில் நடக்கவில்லை, அத்தியாயம் அத்தியாயமாகக் கசியுது. இரவில் கத்துகிற காட்சிகளையும் சேருங்க. ஒவ்வொரு இரவும் கத்தி எழும்புகிறான், என்ன கனவு என்று ஞாபகம் இல்லை, பக்கத்தில் படுத்த ஐனாருக்குத்தான் தெரியும். தன் காயம் தனக்கே தெரியாமல் இன்னொருவனுக்குத் தெரிவது. இதுக்கு மேல் கிட்ட வருகிற நாயகனை எனக்குத் தெரியாது.

திரும்ப வாசிக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. ஒரே இருப்பில் ஐந்து அத்தியாயத்துக்கு மேல் போகாதீங்க. வசனம் இல்லாத பேனலில் வசனம் உள்ள பேனலுக்குக் குடுக்கிற அளவு நேரம் நில்லுங்க. முதல் பகுதியில் ஒரு இங்கிலாந்துத் தாய் அவனுக்குப் பேன் எடுத்துத் தலை சீவிவிடுகிற இடம் வரும், பண்ணைப் பகுதிக்குள் போகமுதல் அதை ஒருக்கா மறுபடி வாசியுங்க. அதற்குப் பிறகும் அவன் அந்த ஊரைக் காட்டிக்கொடுத்தான் என்பது நினைவில் இருந்தால்தான், ஐனார் அதே நாட்டு ஊர்க்காரன் என்பது உறைக்கும்.

ரெட்டைக்கத்தி:
நானாட நாலு காட்சிக் கணக்கு என்னைக் கொஞ்சம் அசைத்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஓடிப்போவேன் என்ற வசனத்தை நான் உரிய இடத்தில் வைக்கவில்லை.

ஆனாலும் பண்ணைக்குப் பிறகு ஒரு நீண்ட தூரம் தோர்ஃபின் கிட்டத்தட்டப் பிழையே செய்யாதவனாகத் தெரிகிறான். கதையின் பால்டிக் போர்ப் பகுதியில் அவனைச் சுற்றி எல்லாரும் தடுமாறுகிறார்கள், அவன் மட்டும் சரியானதைச் சொல்கிறான். அங்கேதான் எனக்கு அவன் தூரமாகிறான். அட்டாக் ஆன் டைட்டன் மங்காவின் நாயகன் எரன் யேகரை எடுங்க, 139 அத்தியாயத்தில் எதிர்த் திசையில் போனவன். வெறுக்கலாம், ஆனால் கடைசிவரை அவனுக்குள் இழுபறி இருந்தது.

அக்கரை நானா:
இழுபறி வேணுமெண்டால் வின்லாண்ட் பகுதியை மறுபடி வாசியுங்க தம்பி. ஊருக்குள் வாள் கொண்டுவரக் கூடாது எண்டு தோர்ஃபின் சட்டம் வைக்கிறான். ஈவர் என்கிறவன் ஒளித்துக் கொண்டுவருகிறான். அந்த நிலத்தின் சொந்தக்காரரான ல்னூ மக்களோடு நட்பும் வருது, சந்தேகமும் வருது, நோயும் வருது. நல்ல நோக்கத்தோடு போய் இன்னொருத்தர் காணியில் வேலி போட்டவன்தான் தோர்ஃபின் எண்டு கதையே கேட்குது. கடைசியில் விட்டுவிட்டுப் போக வேண்டி வருது. பிழையே செய்யாதவனுக்கு இப்படி ஒரு முடிவை எழுத மாட்டார்கள்.

மாரிப்போகம்:
முடிவு யுகிமுராவின் கையில் முழுதாக இருக்கவும் இல்லை. தோர்ஃபின் கார்ல்செஃப்னி ஐஸ்லாந்துச் சாகாக்களில் (பழைய வீரகதைகளில்) வருகிற ஆள், அவரும் அங்கே நிலைக்கவில்லை, திரும்பிவிட்டார். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடத்தில் நோர்ஸ் (வைக்கிங்) ஆட்கள் மரம் வெட்டின வருடம் 1021 எண்டு 2021 இல் வெளிவந்த ஆய்வில் உறுதியானது. ஆக, ஊர் நிலைக்காது எண்டு தெரிந்துகொண்டே இருபது வருடம் வரைந்திருக்கிறார்.

வட்டவிதானை:
தெரிந்துகொண்டே கட்டை பிடுங்க வைத்திருக்கிறார். காணி கைவிட்டுப் போகும் எண்டு தெரிஞ்சும் வெட்டி வெளியாக்கின ஆக்கள் நம்ம மாவட்டங்களில் எத்தனை குடும்பம். அவங்களுக்கு இந்த முடிவு தூரமாகத் தெரியாது தம்பி ரெட்டைக்கத்தி.

ரெட்டைக்கத்தி:
அந்த இடத்தில் எனக்கு மறுபேச்சு இல்லை அண்ணே. பால்டிக் பகுதியில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பாசிக்குடா அலை:
இரண்டாம் சீசனோடு நிறுத்தினவங்க மங்காவில் எங்கே பிடிப்பது என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருக்கிறாங்க. யாராவது சொல்லுங்க.

சித்திரப்பேனா:
இரண்டாம் சீசனை முழுதாகப் பார்த்தவர்கள் 101 ஆம் அத்தியாயத்திலிருந்து. பாதியில் விட்டவர்கள் 55 க்குத் திரும்பிப் போங்க, அனிமேயைத் தொடராதீங்க. ஒரு எச்சரிக்கை: கோடான்ஷா பதிப்பகத்தின் ஆங்கிலக் கெட்டி அட்டைப் பதிப்பில் ஒரு புத்தகத்துக்குள் ஜப்பானிய வால்யூம் இரண்டு இருக்கும். அதனால் எட்டாம் வால்யூம் என்று யாராவது சொன்னால் உங்களுக்கு வேண்டியது நாலாம் புத்தகம். எட்டாம் புத்தகத்தை வாங்கினால் பண்ணை முழுவதும் தாண்டிப் போய்விடும், ஹில்ட் ஏன் வில்லைத் தூக்குகிறாள் என்று விளங்கினாலும், தோர்ஃபின் ஏன் வாழ ஆசைப்படுகிறான் என்பது விளங்காது.